‘எவ்வளவு தப்பு?’ என்று கேட்கச் சொல்லுங்கள்

வாசகர் கேள்வி: மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். தனி ஊசல் பாடத்தில், ‘கோணம் சிறியதாக இருந்தால் சைன் தீட்டாவைத் தீட்டா என்றே எடுத்துக்கொள்ளலாம்’ என்றேன். பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, “ரெண்டும் ஒண்ணு இல்லையே மிஸ், அப்புறம் எப்படி எடுத்துக்கலாம்?” என்றாள். கூடவே, “நியூட்டன் தப்புன்னு ஐன்ஸ்டீன் நிரூபிச்சிட்டாருல்ல, தப்பை ஏன் படிச்சுப் பரீட்சை எழுதணும்?” என்றும் கேட்டாள். ‘சிலபஸில் இருக்கிறது’ என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். மனசு ஆறவில்லை. பழைய கோட்பாடுகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்ததுபோல இன்றைய கோட்பாடுகளும் கவிழும், ஆகவே அறிவியல் சொல்வதை உண்மை என்று கொள்ள முடியாது என்று ஒரு கட்டுரையிலும் படித்தேன். அவளுக்கு என்ன பதில் சொல்வது?

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் மாணவி கேட்ட இரண்டும் ஒரே கேள்விதான். ஒரு கூற்று அச்சொட்டாக உண்மை இல்லை என்று தெரிந்த பிறகும் அதை நம்பி வேலை செய்யலாமா? செய்யலாம். ஆனால் எவ்வளவு தப்பு, எங்கே தப்பு, ஏன் தப்பு என்ற மூன்றையும் கூடவே சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் தோராயத்தை நடத்தினால் அவள் சந்தேகப்படுவது நியாயமே. ஊசலிலேயே தொடங்குங்கள்.

10 டிகிரி என்பது 0.17453 ரேடியன். அதன் சைன் 0.17365. வித்தியாசம் அரை சதவீதம். நூலில் தொங்கும் குண்டை நடுவுக்கு இழுக்கும் விசை கோணத்தின் சைனைப் பொறுத்தது. அதாவது, அந்த விசையைக் கடைக்கோடியில் நாம் அரை சதவீதம் கூட்டிச் சொல்கிறோம். ஆனால் ஒருமுறை போய்த் திரும்ப ஆகும் அலைவு நேரத்தில் அவ்வளவு தப்பு வருவதில்லை. குண்டு கடைக்கோடியிலேயே தங்கிவிடுவதில்லை, நடுவை நெருங்க நெருங்க சைனும் கோணமும் ஒன்றாகிவிடுகின்றன. முழுக் கணக்கையும் போட்டால் ஓர் எளிய விதி கிடைக்கும்: வீச்சை, அதாவது குண்டு நடுவிலிருந்து விலகும் அதிகபட்சக் கோணத்தை, ரேடியனில் எடுத்து, வர்க்கமாக்கி, 16-ஆல் வகுத்தால் அலைவு நேரம் எந்தப் பங்கு கூடுகிறது என்று வரும். 10 டிகிரிக்கு அது 0.19 சதவீதம். கோணம் இரு மடங்கானால் தப்பு நான்கு மடங்காகும்.

1 மீட்டர் ஊசல் நம் பக்கத்தில் ஓர் அலைவுக்கு 2.01 விநாடி எடுக்கும், 20 அலைவுக்கு 40.2 விநாடி. 10 டிகிரி வீச்சால் இதில் கூடுவது 0.08 விநாடி. ஸ்டாப்வாட்சை அழுத்தும் விரலோ 0.2 விநாடி முன்பின் தவறும். தோராயத்தின் தப்பு விரலின் தப்புக்குள் ஒளிந்துகொள்கிறது. 20 டிகிரியில் 0.31 விநாடி கூடும். இப்போது தப்பு தலைகாட்டுகிறது. 30 டிகிரியில் 0.7, 45-இல் 1.6, 60-இல் 2.9 விநாடி. இதற்குமேல் அதை யாரும் மறைக்க முடியாது.

‘சிறிய கோணம்’ என்ற சொல்லுக்கு இப்போது பொருள் வந்துவிட்டது. அந்த எல்லையை வகுத்தது இயற்கை இல்லை, உங்கள் ஆய்வகத்து ஸ்டாப்வாட்ச். மில்லி விநாடி அளக்கும் ஒளிக்கதிர் உணரியை வைத்தால் 10 டிகிரியும் பெரிய கோணம்தான். ஊசல் கடிகாரத்துக்கும் அப்படியே. நாளுக்கு 86,400 விநாடி, அதில் 0.19 சதவீதம் என்பது 164 விநாடி. வீச்சு மாறாமல் இருந்தால் ஊசலின் நீளத்தைக் கொஞ்சம் குறைத்து ஈடுகட்டிவிடலாம். ஆனால் எண்ணெய் கெட்டியாகி வீச்சு 5 டிகிரியிலிருந்து 4-க்கு இறங்கினால் கடிகாரம் நாளுக்கு 15 விநாடி முந்தும். இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் டச்சு அறிஞர் ஹைகன்ஸ், ஊசல் வட்டத்தில் ஆடாமல் சைக்ளாய்டு என்ற வளைவில் ஆட வேண்டும் என்று கணக்கிட்டு 1673-இல் வெளியிட்டார். அந்த வளைவில் வீச்சு எதுவானாலும் அலைவு நேரம் ஒன்றே. தோராயத்தின் தப்பை அளந்து பார்த்ததால் பிறந்த கண்டுபிடிப்பு அது.

இதை மாணவிகளைக் கொண்டே செய்யுங்கள். நீளாத மெல்லிய நூல், பிளந்த தக்கை, உலோகக் குண்டு, பின்னால் அட்டையில் பெரிதாக வரைந்த கோணமானி போதும். 5, 10, 20, 30, 45, 60 டிகிரியில் அளக்கட்டும். சில இடங்களில் கை தவறும். நீளத்தைத் தக்கையின் அடி விளிம்பிலிருந்து குண்டின் மையம் வரை எடுக்க வேண்டும். 1 மீட்டரில் 1 சென்டிமீட்டர் பிசகினால் புவியீர்ப்பு முடுக்கத்தில் 1 சதவீதம் பிசகும், அது 16 டிகிரி வீச்சால் வரும் தப்புக்குச் சமம். எண்ணத் தொடங்கும்போது ‘சுழியம்’ என்று சொல்ல வேண்டும். ‘ஒன்று’ என்று தொடங்கினால் 19 அலைவை 20 என்று எழுதுவார்கள், 5 சதவீதம் போய்விடும். குண்டு கடைக்கோடியில் மெதுவாகத் திரும்புவதால் அங்கே வைத்து எண்ணினால் நேரம் தெளிவாகப் பிடிபடாது. நடுவைக் கடக்கும் கணத்தில் அழுத்தச் சொல்லுங்கள். குண்டைத் தள்ளக் கூடாது, விட வேண்டும்; பக்கவாட்டில் சிறு தள்ளல் பட்டாலும் அது நீள்வட்டத்தில் சுற்றும். பெரிய கோணங்களில் காற்று வீச்சை விரைவாகக் குறைத்துவிடும் என்பதால் 45-க்கும் 60-க்கும் 10 அலைவோடு நிறுத்தி, தொடக்க வீச்சுக்கும் கடைசி வீச்சுக்கும் சராசரி எடுங்கள்.

வீச்சின் வர்க்கத்தைக் கிடை அச்சிலும் அலைவு நேரத்தை நிலை அச்சிலும் வைத்து வரைந்தால் ஏறக்குறைய நேர்கோடு வரும். அது நிலை அச்சைத் தொடும் இடத்தில்தான், சைனைக் கோணம் என்றே கொண்டு எழுதிய பாடநூல் வாய்பாடு சொல்லும் நேரம் இருக்கிறது. அந்த வாய்பாடு நிஜமாகப் பொருந்துவது வீச்சு பூஜ்யமான, அதாவது ஆடாத ஊசலுக்கு! ஆடாத ஊசலின் வாய்பாட்டைக் கொண்டு ஆடும் ஊசலைக் கணிக்கிறோம், எவ்வளவு தவறும் என்பதும் நமக்குத் தெரியும். 16-ஆல் வகுக்கும் திருத்தமும் ஒரு தோராயமே. 60 டிகிரிக்கு அது 6.9 சதவீதம் என்று சொல்லும், உண்மை 7.3. 90 டிகிரிக்கு 15.4 என்று சொல்லும், உண்மை 18. ஒவ்வொரு திருத்தத்துக்கும் அடுத்த திருத்தம் உண்டு.

இனி நியூட்டனுக்கு வருவோம். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானத்தின் இயக்கத்தை நியூட்டன் விதிப்படி கணக்கிட்டால், ஐன்ஸ்டீனின் சார்பியல் கோட்பாட்டின்படி வேகத்தைப் பொறுத்து வரும் திருத்தம் ஏறத்தாழ மூன்று லட்சம் கோடியில் ஒரு பங்கு. எந்தப் பொறியாளருக்கும் அது தேவைப்படாது. ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் கடிகாரமோ சார்பியலால் நாளுக்கு 38 மைக்ரோ விநாடி முந்துகிறது, அந்த நேரத்தில் ஒளி 11 கிலோமீட்டர் போய்விடும். அங்கே திருத்தத்தை விட முடியாது. ஊசலில் பார்த்த அதே கதைதான். எந்த அளவு துல்லியம் வேண்டும் என்று கேள்வியே முடிவு செய்கிறது.

ஆனால் கதை இதோடு முடிந்துவிட்டதாகச் சொன்னால் அவளை ஏமாற்றுவதாகும். புதன் கோளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நீள்வட்டப் பாதையே மெல்லத் திரும்புகிறது, நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 574 கோண விநாடி. ஒரு டிகிரிக்கு 3,600 கோண விநாடி. மற்றக் கோள்களின் இழுப்பால் 531 வருகிறது என்று நியூட்டன் விதி சொல்லும். மீதி 43-க்குக் கணக்கில்லை. புதன் ஒரு நூற்றாண்டில் சூரியனை 415 முறை சுற்றுகிறது, ஒரு சுற்று என்பது 12,96,000 கோண விநாடி. வகுத்துப் பாருங்கள். நியூட்டன் தவறியது ஒன்றேகால் கோடியில் ஒரு பங்கு.

இந்தக் குறையை 1859-இல் முதலில் காட்டியவர் பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே. அவர் எடுத்த மதிப்பு 38. 1882-இல் அமெரிக்க வானியலாளர் நியூகோம் அதை 43 என்று திருத்தினார். இதே லெவெரியேதான் யுரேனஸின் ஓட்டத்தில் கண்ட பிசகுக்கு வெளியே இன்னொரு கோள் காரணம் என்று கணக்கிட்டார்; 1846 செப்டம்பர் 23 அன்று பெர்லினில் வானியலாளர் காலே தொலைநோக்கியைத் திருப்பியதும் நெப்டியூன் அகப்பட்டது. புதனுக்கும் அதே மருந்தைப் பரிந்துரைத்தார்: சூரியனுக்கு அருகே வல்கன் என்ற கோள். அது கிடைக்கவே இல்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல், புதிய கோள் எதையும் சேர்க்காமல் 43-ஐத் தந்தது.

ஒரு முறை பிசகு கோளைக் காட்டியது, மறுமுறை கோட்பாட்டின் விளிம்பைக் காட்டியது. நியூட்டன் விதிக்குள் நின்றுகொண்டு எது எது என்று பிரிக்க முடியாது, ஏனென்றால் அந்த விதி தன் எல்லையைத் தானே சொல்வதில்லை. சார்பியல் வந்த பிறகு அந்த எல்லை தெளிவாகிறது. புதனின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 48 கிலோமீட்டர். அதை ஒளியின் வேகத்தால் வகுத்து வர்க்கமாக்கி மூன்றால் பெருக்குங்கள், கிட்டத்தட்ட அதே ஒன்றேகால் கோடியில் ஒரு பங்கு வரும். பழைய கோட்பாடு அவ்வளவு காலம் ஏன் ஜெயித்தது, எங்கே எந்த அளவுக்குத் தோற்க வேண்டும் என்ற இரண்டையும் புதியது கணக்காகவே காட்டுகிறது. ‘ஐன்ஸ்டீன் நியூட்டனைத் தப்பு என்று நிரூபித்தார்’ என்ற வாக்கியத்தில் இந்தப் பாதி விடுபட்டுப்போகிறது.

எண்ணில் இவ்வளவு சிறிய பிசகு, கருத்திலோ பெரும் பிளவு. நியூட்டனுக்கு ஈர்ப்பு ஒரு விசை, ஐன்ஸ்டீனுக்கு அது காலவெளியின் வளைவு. விசை என்பது வளைவுக்குத் ‘தோராயம்’ என்று சொல்ல வராது. அறிவியல் வரலாற்றாசிரியர் தாமஸ் கூன் 1962-இல் அழுத்திச் சொன்னது இதைத்தான்: ‘நிறை’ என்ற சொல்லே இரண்டு கோட்பாட்டிலும் ஒரே பொருள் தருவதில்லை. அவர் சொன்னதில் உண்மை உண்டு என்றே கருதுகிறேன். எண்களைப் பொறுத்தவரை நியூட்டன் மிக நெருக்கம், உலகம் எதனால் ஆனது என்ற சித்திரத்தைப் பொறுத்தவரை விலகியவர். இரண்டையும் சேர்த்தே வகுப்பில் சொல்லலாம், பதினோராம் வகுப்புக்கு இது புரியும்.

நீங்கள் படித்த கட்டுரையின் வாதம் புதிதல்ல. அறிவியல் தத்துவவாதி லாரி லௌடன் 1981-இல் அதைப் பட்டியல் போட்டே எழுதினார். வெப்பத்தையே ஓடும் பொருளாகக் கருதிய வெப்பப் பாய்மம், ஒளியைச் சுமக்கும் ஊடகமாகக் கருதப்பட்ட ஈதர் என்று வெற்றி பெற்றுப் பிறகு கைவிடப்பட்ட கோட்பாடுகள் ஏராளம், இன்றையவை மட்டும் ஏன் தப்பிக்கும் என்பது அவர் கேள்வி. இதற்கு வந்த பதில்களில் எனக்கு வலுவானதாகப் படுவது தத்துவவாதி ஜான் வொரல் 1989-இல் முன்வைத்தது. அதன் வேர் பிரெஞ்சுக் கணித அறிஞர் புவான்கரேயிடம் இருக்கிறது. ஒளியியல் அறிஞர் ஃப்ரெனெல் ஒளியை ஈதரின் அதிர்வு என்று நம்பித் தன் சமன்பாடுகளை எழுதினார். மேக்ஸ்வெல்லின் மின்காந்தக் கோட்பாட்டிலிருந்தும் அதே சமன்பாடுகள் வருகின்றன. ஈதர் போயிற்று. ஜன்னல் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் நேராக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதம் திரும்பும் என்ற கணக்கு போகவில்லை. பொருள்களைப் பற்றிய சித்திரம் மாறும்போதும் அளவுகளுக்கிடையிலான உறவுகள் பெரும்பாலும் தங்குகின்றன. ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள், எல்லா இடத்திலும் இது நடப்பதில்லை.

“அப்படியானால் புதுசு உண்மைக்குக் கிட்டே வந்திருக்குன்னு சொல்லலாமா மிஸ்?” என்று அவள் அடுத்துக் கேட்கக்கூடும். அங்கே கவனம் வேண்டும். தத்துவவாதி கார்ல் பாப்பர் 1963-இல் அதற்கு ஓர் இலக்கணம் கொடுத்தார்: ஒரு கோட்பாட்டின் உண்மையான விளைவுகள் கூடி, பொய்யான விளைவுகள் கூடாமல் இருந்தால் அது உண்மைக்கு நெருக்கம். 1974-இல் பாவெல் டிஹி, டேவிட் மில்லர் என்ற தத்துவவாதிகள் இருவரும் தனித்தனியே அதை உடைத்தார்கள். ஒரு பொய்யாவது இருக்கும் கோட்பாட்டில் புதிதாக ஓர் உண்மையைச் சேர்த்தால், பழைய பொய்யையும் இந்த உண்மையையும் ‘மற்றும்’ போட்டு இணைத்த வாக்கியம் புதிய பொய்யாகிவிடும். ஆக, பொய் கூடாமல் உண்மை மட்டும் கூடவே முடியாது. அந்த இலக்கணப்படி, தப்பான இரண்டு கோட்பாடுகளில் எதுவும் மற்றதைவிட நெருக்கமாக இருக்க வழியில்லை!

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: நெருக்கத்தை வாக்கியங்களை எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது; எந்த அளவில் நெருக்கம் என்று கேட்க வேண்டும். பண்டைய வானியலாளர் தாலமியின் நிலாக் கணக்கு இதற்கு நல்ல உதாரணம். வானில் நிலா எந்தத் திசையில் நிற்கும் என்பதை அது நன்றாகவே சொல்லிவந்தது. அதே அமைப்பின்படி நிலாவின் தூரம் ஏறத்தாழ இரு மடங்கு வரை மாற வேண்டும், அப்படி மாறினால் நிலா சில நாள் இரு மடங்கு அகலமாகத் தெரிய வேண்டும். யாரும் அப்படிப் பார்த்ததில்லை. திசையில் நல்ல தோராயம், தூரத்தில் மோசமான தோராயம். ஓர் எண் பொருந்திவிட்டதால் கோட்பாடு முழுவதும் உண்மையை நெருங்கிவிட்டது என்று மாணவர்கள் நினைக்கும்போது இதைச் சொல்லுங்கள்.

இன்னொரு பொறி இருக்கிறது. ‘சிறியது, ஆகவே விட்டுவிடலாம்’ என்பது எப்போதும் சரிவராது. காற்றின் பாகுநிலை, அதாவது ஓட்டத்தை எதிர்க்கும் தன்மை, தண்ணீரினுடையதில் ஐம்பதில் ஒரு பங்குதான் இருக்கும். அதைப் பூஜ்யம் என்று வைத்துக் கணக்கிட்ட பிரெஞ்சுக் கணித அறிஞர் டாலம்பேர், சீராக நகரும் பொருளுக்குப் பாய்மத்தில் தடையே இருக்காது என்ற முடிவுக்கு 1752-இல் வந்து சேர்ந்தார். சைக்கிள் மிதித்தவர் யாரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 1904-இல் ஜெர்மன் அறிஞர் பிரான்ட்டில் காரணத்தைக் காட்டினார்: பொருளின் பரப்பை ஒட்டிய மெல்லிய படலத்தில் பாகுநிலை எவ்வளவு சிறியதானாலும் அதன் ஆட்சி குறைவதில்லை. ஊசலில் வீச்சைக் குறைக்கக் குறைக்க விடை வழுக்கிக்கொண்டே பாடநூல் மதிப்பில் போய்ச் சேர்கிறது. இங்கே, பாகுநிலை துளியூண்டு இருப்பதற்கும் அறவே இல்லாததற்கும் இடையே விடை தாவிவிடுகிறது. சமன்பாட்டின் ஓர் உறுப்பைக் கைவிடும் முன் விடை வழுக்குமா, தாவுமா என்று பார்ப்பது அவசியம். மேல்வகுப்பு மாணவர்களுக்கு ஓர் அடையாளம் சொல்லலாம். வகைக்கெழுச் சமன்பாட்டில் மிக உயர்ந்த படிநிலை உறுப்போடு அந்தச் சிறிய எண் பெருக்கலாக நின்றால், கைவைக்கும் முன் யோசியுங்கள்.

எல்லையைச் சோதிப்பது வெறும் எச்சரிக்கைப் பழக்கம் என்று அவள் நினைத்துவிடக் கூடாது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர் 1930-இல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குள்ள நட்சத்திரங்களைப் பற்றி ஆங்கிலேய இயற்பியலாளர் ஃபௌலர் 1926-இல் கொடுத்த கோட்பாடு அவர் கையில் இருந்தது. அதில் எலெக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தைவிட மிகக் குறைவு என்ற தோராயம் உண்டு. சந்திரசேகர் அந்தத் தோராயம் தாங்குமா என்று கணக்கிட்டுப் பார்த்தார். நட்சத்திரத்தின் மையத்தில் அது தாங்கவில்லை, எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கிவிடுகின்றன. சார்பியலைச் சேர்த்துத் திரும்பக் கணக்கிட்டபோது, ஃபௌலரிடம் இல்லாத ஒன்று வந்தது: வெண்குள்ள நட்சத்திரத்தின் நிறைக்கு ஓர் உச்ச வரம்பு. இன்று அதைச் சூரிய நிறையைப்போல் 1.4 மடங்கு என்கிறோம். 1935-இல் ஆங்கிலேய வானியலாளர் எடிங்டன் அதை வெளிப்படையாக எதிர்த்தார். வரம்பு நின்றது, 1983-இல் நோபல் பரிசும் வந்தது. ‘இந்தத் தோராயம் இங்கே செல்லுமா?’ என்ற உங்கள் மாணவியின் கேள்விதான் அந்தக் கப்பலிலும் கேட்கப்பட்டது. இதை அவளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை. தேர்வுத்தாளில் வாய்பாட்டைப் பாடநூலில் உள்ளபடியே எழுதட்டும், மதிப்பெண் அதற்குத்தான். ரெக்கார்டு நோட்டில் மட்டும் ‘முன்னெச்சரிக்கை’ என்ற தலைப்பின் கீழ் எல்லோரும் மனப்பாடமாக எழுதும் ‘கோணம் சிறியதாக இருக்க வேண்டும்’ என்ற வரியை மாற்றி எழுதச் சொல்லுங்கள்: ‘வீச்சு 10 டிகிரிக்குள், அதனால் அலைவு நேரத்தில் கூடுவது 0.2 சதவீதத்துக்குள், 20 அலைவில் ஸ்டாப்வாட்சின் பிழை 0.5 சதவீதம்.’ புவியீர்ப்பு முடுக்கத்தில் இந்தச் சதவீதங்கள் இரு மடங்காகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளட்டும். விடை 9.8 வராமல் 9.74 வந்தால் அடித்துத் திருத்தவும் வேண்டாம். தமிழ்நாட்டில் உண்மை மதிப்பே 9.78-ஐ ஒட்டித்தான் இருக்கிறது, 10 டிகிரி வீச்சு அதிலிருந்து 0.04-ஐக் குறைத்துக் காட்டும். அப்போது அவளுக்குக் கிடைத்த 9.74 சரியான விடை.